பனம்பழமும் பழைய கணிப்பொறியும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் எல்லாரும் அறிவோம். பழம் தன் காம்பு பழுத்து விழுந்தது. பழி காக்கையின் மேல் விழுந்தது. குருமடத்தில் நாங்கள் தருக்க நூல் பயின்ற நாட்களில் இதையே இலத்தீன் மொழியில் கற்பித்தார்கள்: 'போஸ்ட் ஹோக், எர்கோ ப்ரோப்டர் ஹோக்' - இதற்குப் பின் நடந்தது, ஆகவே இதனால் நடந்தது. மனித அறிவு எளிதில் இடறி விழும் பள்ளங்களுள் இது ஒன்று என்று பேராசிரியர் விளக்குவார். ஆயினும் அவர் ஒன்றையும் சேர்த்துச் சொல்வார்: காக்கையைக் குற்றமற்றது என்று விடுவித்தால் மட்டும் போதாது, பழம் ஏன் விழுந்தது என்று காம்பையும் பார்க்க வேண்டும். பங்கு அலுவலகத்துப் பழைய கணிப்பொறி ஒன்று இந்தப் பாடத்தை எனக்கு மீண்டும் நடத்தியது.

அந்தக் கணிப்பொறி 2009ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. அதில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்.பி. அதை உருவாக்கிய நிறுவனமே 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு அதைப் பராமரிப்பதை நிறுத்திவிட்டது. எனவே இணையத்தோடு அதற்கு எவ்விதத் தொடர்பும் வைக்கவில்லை. 'இதை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?' என்று வருவோர் கேட்பதுண்டு. அதற்குக் காரணம் கல்லறைத் தோட்டம்.

இறந்தோர் பதிவேட்டில் யார், எந்த நாளில் இறந்தார் என்பது இருக்கும். எந்த இடத்தில் படுத்திருக்கிறார் என்பது இராது. கல்லும் சிலுவையும் வைக்க வசதியற்ற குடும்பங்களே எங்கள் பங்கில் மிகுதி. மண்மேடு சில மழைக்காலங்களில் கரைந்துவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்கு முன்னிருந்த குருவின் காலத்தில் இதற்காக ஆறு ஆண்டுகள் உழைத்தார். குழி வெட்டும் பெரியவரையும் ஊரின் மூத்தோரையும் அழைத்துச் சென்று, 'வேம்புக்குக் கிழக்கே மூன்றாம் வரிசை, சுவரிலிருந்து ஐந்தாவது' என்ற முறையில் ஒவ்வொரு குழியையும் குறித்தார். பங்கு இளைஞர் ஒருவர் அதற்கென ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தார். பெயரைத் தட்டினால் தோட்டத்தின் வரைபடத்தில் இடம் தெரியும். இன்று அந்த ஆசிரியரும் இல்லை, குழி வெட்டிய பெரியவரும் இல்லை. அச்சிட்டு வைத்த படியைக் கரையான் தின்றது. குறுந்தகட்டில் எடுத்த படி பூஞ்சை பிடித்துப் போயிற்று.

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அந்தக் கணிப்பொறியின் ஹார்டு டிஸ்க் 'கடக், கடக்' என்று ஒலி எழுப்பத் தொடங்கியது. சுழலும் தட்டின் மேல் மயிரிழைக்கும் குறைவான இடைவெளியில் ஓடும் முனை, தன் இடத்தைக் கண்டறிய முடியாமல் திரும்பத் திரும்ப முயலும் ஒலி அது. அத்தகைய டிஸ்கை அதிக நாள் நம்பக் கூடாது. நகரத்துக் கடையிலிருந்து ஓர் இளைஞர் வந்து, பழைய டிஸ்கில் இருந்தவற்றை அப்படியே ஓர் எஸ்.எஸ்.டி.யில் படியெடுத்தார். பின்பு மின்வயரைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். பொத்தானை அழுத்தியதும் திரையில் ஏதோ ஆங்கில வரிகள் வந்தன. அவர் எஃப் 1 விசையைத் தட்டினார். விண்டோஸ் சின்னம் ஒரு கணம் தோன்றியது. நீலத்திரை மின்னலாக வந்து மறைந்தது. பொறி மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. இப்படியே பலமுறை.

"புது டிஸ்கில்தான் கோளாறு, ஃபாதர்" என்று பழையதையே திரும்ப மாட்டினார். அதே நீலத்திரை! உள்ளே இருந்தவற்றை எல்லாம் கழற்றி மாட்டினார். இப்போது நீலத்திரைகூட வரவில்லை. விசிறி சுழன்றது, திரை மட்டும் இருண்டே கிடந்தது. "மதர் போர்டு போயிடுச்சு, ஃபாதர். இதுக்கு மேல இதுல செலவு பண்ணாதீங்க" என்றார். புதிய கணிப்பொறிக்கு 35,000 ரூபாய் ஆகும் என்று தாளில் எழுதித் தந்தார். பழைய டிஸ்கை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அதற்கு மட்டும் நான் இசையவில்லை. அந்த டிஸ்கைத் துணியில் சுற்றிப் பதிவேடுகள் உள்ள இரும்புப் பெட்டியில் வைத்தேன். கணிப்பொறியை எந்தக் கடையிலும் வாங்கலாம். அந்த டிஸ்கில் இருப்பது எந்தக் கடையிலும் கிடைக்காது.

இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2க்கு ஐந்து நாட்களே இருந்தன. மும்பையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், "தாத்தாவின் குழி எங்கே இருக்கிறது, சாமி?" என்று ஏற்கெனவே கேட்டுச் சென்றிருந்தது.

அன்றிரவு தருக்க நூல் நினைவிற்கு வந்தது. இரண்டு டிஸ்குகளிலும் ஒரே கோளாறு தோன்றுமாயின், காரணம் இரண்டிற்கும் பொதுவான ஓர் இடத்தில் இருக்க வேண்டும். பழைய டிஸ்க் நேற்றுவரை இதே பெட்டியில் ஓடியதே! அப்படியானால் நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே மாறியது யாது? டிஸ்க் மாறியது எல்லாருக்கும் தெரிந்த மாற்றம். எவர் கண்ணிலும் படாத மாற்றம் ஒன்றும் இருந்தது. எத்தனையோ ஆண்டுகளாக இன்வெர்ட்டரிலேயே இருந்து, ஒருநாளும் மின்சாரம் அறாதிருந்த அந்தப் பொறியின் மின்வயர் அன்றுதான் பிடுங்கப்பட்டது.

மறுநாள் எங்கள் பங்கைச் சேர்ந்த பழைய ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சியை அழைத்தேன். கணிப்பொறியை அவர் அறியார், மின்சாரத்தை அறிவார். "எடுத்த எடுப்பில் எதையும் மாற்றாதீங்க சாமி. கரண்ட் எதுவரைக்கும் வருதுன்னு பார்த்துக்கிட்டே போகணும்" என்றார். ரேடியோவிற்குச் சொன்னது கணிப்பொறிக்கும் பொருந்தும். நாம் சி.பி.யு. என்று அழைக்கும் அந்தப் பெட்டியில் (உண்மையில் அப்பெயர் உள்ளே இருக்கும் ஒரு சில்லுக்கு மட்டுமே உரியது, இனி ஊர் வழக்கை மாற்ற இயலாது) விளக்கும் எரியாமல் விசிறியும் சுழலாமல் இருந்தால், எஸ்.எம்.பி.எஸ்.ஸையோ வயரையோ பார்க்க வேண்டும். விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால் டிஸ்கைக் குறை கூறவே இடமில்லை. ஏனெனில் டிஸ்க் ஒன்றுமே இல்லாவிட்டாலும் நல்ல நிலையிலுள்ள பொறி திரையில் நாலு வரியாவது எழுதும். திரையில் எழுத்து வந்த பிறகு நின்றுபோனால்தான் டிஸ்க், அதன் கேபிள், பயாஸ் அமைப்பு ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும்.

எங்கள் பொறி இரண்டாம் வகையில் நின்றது. மின்வயரைப் பிடுங்கினோம். ராம் எனப்படும் நினைவகப் பட்டையைப் பார்த்தால், அதன் ஒரு முனையில் கொக்கி சரியாக விழாமல் இருந்தது. அதைக் கழற்றி, பொன்னிற முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, இருபுறமும் 'டக்' என்று ஒலிக்கும்வரை அழுத்தினோம். திரையில் வெளிச்சம் வந்தது. மதர் போர்டு உயிரோடுதான் இருந்தது. உபதேசியார் கைதட்டியேவிட்டார்.

முன்பு அந்த இளைஞர் எஃப் 1 தட்டிக் கடந்துபோன ஆங்கில வரிகள் இப்போதும் வந்தன. இம்முறை நிதானமாகப் படித்தோம். 'சீமாஸ் செக்சம்' தவறிவிட்டது, அமைப்புகள் ஆதி நிலைக்குத் திரும்பிவிட்டன என்பதே அவ்வரிகளின் பொருள். தேதியைப் பார்த்தால் 2008 ஜனவரி முதல் நாள்!

இதற்குக் காரணம் ஒரு சிறு செல். எண்பதுகளிலிருந்தே மேசைக் கணிப்பொறிகளில் மணியையும் அமைப்புகளையும் காக்க ஒரு பேட்டரி இருந்து வருகிறது. எங்கள் பொறியில் இருப்பது சி.ஆர். 2032 என்னும் வட்ட வடிவச் செல். 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிப்பு என்பதையே அந்த எண் குறிக்கிறது. சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை செல்லுக்கு வேலை இல்லை; அது செத்துப் போயிருந்தாலும் வெளியே தெரியாது. வயரைப் பிடுங்கிய கணத்தில் அத்தனையும் மறந்துபோகும். அண்ணாச்சி மீட்டரை வைத்தார். 3 வோல்ட் காட்ட வேண்டிய செல் 1.4 காட்டியது. "இது செத்து வருஷக்கணக்காச்சு சாமி" என்றார். புதியது 40 ரூபாய்.

தேதி மறந்ததற்கும் நீலத்திரைக்கும் என்ன தொடர்பு? அதுதான் இவ்விஷயத்தின் உட்கிடை. எஃப் 8 விசையைத் தட்டி, தானாக மீண்டும் தொடங்குவதை நிறுத்தியபோது நீலத்திரை நிலைத்து நின்றது. அதிலிருந்த எண்ணின் முடிவு 7பி. தொடங்க வேண்டிய டிஸ்கை விண்டோஸ் அணுக முடியவில்லை என்பதே அதன் பொருள். பயாஸில், டிஸ்கோடு பேசும் முறை இருவகையாக உண்டு: பழைய ஐ.டி.ஈ. முறை, புதிய ஏ.எச்.சி.ஐ. முறை. எக்ஸ்.பி. வெளிவந்தது 2001இல், ஏ.எச்.சி.ஐ. அதற்குப் பின் தோன்றியது. ஆகவே எக்ஸ்.பி.க்கு அந்த மொழி தானாகத் தெரியாது. 2009இல் பொறியை நிறுவியவர் பயாஸில் ஐ.டி.ஈ. முறையைத் தேர்ந்து வைத்திருக்கிறார். செல் செத்தது, வயர் பிடுங்கப்பட்டது, பொறி தன் ஆதி வழக்கமான ஏ.எச்.சி.ஐ.க்குத் திரும்பியது. புதிய டிஸ்கும் பழைய டிஸ்கும் தெரியாத மொழியில் அழைக்கப்பட்டு, இரண்டும் ஒன்றுபோல் திகைத்து நின்றன. விண்டோஸ் 7 உள்ள பொறியிலும், நிறுவிய பிறகு இந்த அமைப்பு மாறினால் இதே நீலத்திரை வரும்.

செல்லை மாற்றி, தேதியைத் திருத்தி, ஐ.டி.ஈ. என்று அமைத்து, தொடங்கும் வரிசையில் புதிய டிஸ்கை முதலில் வைத்தோம். பழைய டிஸ்கை உடன் இணைக்கவில்லை. ஒன்றின் படியான இரண்டு டிஸ்குகளை ஒரே நேரத்தில் மாட்டினால் விண்டோஸ் குழம்பக்கூடும். பச்சை மலைச்சரிவும் நீல வானமும் திரையில் வந்தன. புதிய சாதனம் கண்டதாகச் சொல்லி, ஒருமுறை அணைத்துத் தொடங்கச் சொன்னது, அப்படியே செய்தோம். ஆசிரியரின் பட்டியல் ஒரு பெயர் குறையாமல் திறந்தது.

வீட்டில் பழைய பொறி வைத்திருக்கும் வாசகர்களுக்கு நேரக்கூடியவை வேறும் சில உண்டு. டிஸ்க் மாற்றும்போது பக்கத்துக் கேபிள் தளர்வது மிகச் சாதாரணம். விண்டோஸ் 7இல் 'சி' பகுதியை மட்டும் படியெடுத்து, தொடங்குவதற்குரிய 100 எம்.பி. சிறு பகுதியை விட்டுவிடுவோரும் உண்டு. மதர் போர்டில் நிற்கும் சிறு உருளைகளான கெப்பாசிட்டர்களின் தலை வீங்கியிருந்தால் அது நம் கைக்கு அப்பாற்பட்டது. எதுவாயினும், ஏதாவது ஒன்றை மாற்றி, விளைவைப் பார்த்து, அதன் பிறகே அடுத்ததைத் தொடுவது நல்லது. நான்கைச் சேர்த்து மாற்றிவிட்டால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது.

நவம்பர் 2 காலையில் மும்பைக் குடும்பம் வந்தது. வேம்பிலிருந்து வரிசைகளை எண்ணிக்கொண்டே உபதேசியார் அவர்களை அழைத்துச் சென்றார். தாத்தாவைக் கண்டிராத பேரப்பிள்ளைகள் அந்த வெறும் தரையில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

பட்டியல் முழுவதையும் வரைபடத்தோடு மூன்று படிகள் அச்சிட்டோம். ஒன்று இரும்புப் பெட்டியிலும், ஒன்று ஆயர் இல்லத்திலும், ஒன்று ஆசிரியரின் துணைவியாரிடமும் உள்ளன. கணிப்பொறியின் பெட்டிக்குள், மூடியின் உட்புறத்தில், ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: 'செல் மாற்றிய நாள் 28.10.2023. டிஸ்க் முறை ஐ.டி.ஈ. என்றே இருக்க வேண்டும்.' எனக்கு மாற்றல் வந்தபின் இங்கு வரும் குரு அதைத் திறக்கும் நாளில் கண்ணில் படும்.