விமானத் தொட்டிக்குச் சில்லுப் பூட்டியவர்கள்

போர்வீரர்க்கு நன்றி செலுத்துவதென்றால் நினைவுத்தூண் நாட்டுவதும், மலர்வளையம் சாத்துவதும், ஆண்டுக்கொரு முறை இரு நிமிடம் மௌனம் காப்பதுமே நம் நினைவுக்கு வருவன. களத்திலே பட்டவனுக்கு ஆற்றும் கடன் அது, தக்கதே. ஆயின், படாது மீண்டவன் கதை யாது? துப்பாக்கியைக் கீழே வைத்த பின் அவன் கைகள் என்ன செய்தன? இவ்வினாவை எழுப்புவோர் மிகச் சிலர். இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்து அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவுக்கு மீண்ட இளைஞர் சிலர், பழைய மோட்டார் வண்டிகளை வைத்துக்கொண்டு செய்த காரியத்தை இங்கே சொல்லப் புகுகின்றேன். ‘ஹொட் றொட்’ என உலகெங்கும் பெயர் பெற்ற விரைவண்டிக் கலையை வளர்த்தெடுத்தவர்கள் அவர்கள்.

கல்லூரி ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். யான் பௌதிகவியல் கற்பிப்பவன். வளியின் தடையை உயர்தர வகுப்பு மாணவர்க்கு விளக்குதற்கு நல்லதோர் உதாரணம் தேடியபோது, நீர்த்துளி வடிவான ஒரு விசித்திர வண்டியின் படம் கைக்கு அகப்பட்டது. மீனுக்குச் சில்லு முளைத்தாற் போன்ற தோற்றம்! அதன் உடல் போர்விமானமொன்றின் பெற்றோல் தொட்டி என அறிந்ததும், வண்டியை விட்டு அதனைச் செய்த மனிதரைத் தேடத் தொடங்கினேன்.

முதலிலே ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். இக்கலை போருக்குப் பின் பிறந்ததன்று. 1932ஆம் ஆண்டிலே போர்ட் கம்பனியார் எட்டுச் சிலிண்டர் கொண்ட ‘வி-8’ எஞ்சினைச் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் வெளியிட்டனர். 65 குதிரைவலு. அக்காலத்திலே எட்டுச் சிலிண்டர் என்பது பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பொருள். சில ஆண்டுகளுக்குள் இவ்வெஞ்சின்கள் உடைந்த வண்டிகளோடு பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. கையிற் காசில்லாத பையன்கள் அவற்றை வாங்கினர். பழைய போர்ட் வண்டிகளின் மட்காட்டையும் கூரையையும் கழற்றி எறிந்து, பாரத்தைக் குறைத்து, எஞ்சினைத் தம் மனம்போல் திருத்திப் பூட்டினர். ஓட்டிப் பார்க்க இடம் வேண்டுமே! லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கே மொஹாவிப் பாலைவனத்திலே மியூறொக் என்னும் வறண்ட ஏரியொன்று உண்டு. மேசைபோல் தட்டையான, பல சதுர மைல் பரந்த களிமண் தரை. விடியற்காலையில், வெயில் ஏறுமுன், அங்கே அவர்கள் வேகம் அளந்தனர். 1937இல் சிறு சங்கங்கள் பல கூடித் தென் கலிபோர்னிய வேகமளப்புச் சங்கம் என்னும் அமைப்பை நிறுவின.

இந்த ஏரியைப் பற்றி இடையிலே ஒரு வார்த்தை. பின்னாளில் அது முற்றாக இராணுவத்தின் வசமாயிற்று. 1947ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் மனிதன் முதன்முறையாக ஒலியின் வேகத்தை விஞ்சிப் பறந்ததும் அந்தப் பாலைவனத்தின் வானத்திலேதான். நிலத்தில் வேகம் தேடிய பையன்களுக்குப் பின் வானத்தில் வேகம் தேடியவர் வந்தனர்.

நிற்க. 1941 டிசம்பரில் அமெரிக்கா போரிற் குதித்தது. பெற்றோலுக்கும் டயருக்கும் பங்கீடு வந்தது. பையன்கள் படைக்குச் சென்றனர்; ஏரிகள் வெறிச்சோடின. சங்கம் கலைந்துபோயிருக்க வேண்டும். அவ்வாறு போகாமைக்குக் காரணமானோருள் முதலிலே சொல்லத்தக்கவர் ஒரு பெண். வேடா ஓர் என்பது அவர் பெயர். போருக்கு முன்னரே வறண்ட ஏரியில் ஆடவரோடு சரிநிகராக வண்டி ஓட்டியவர். கணவர் விரைவண்டி உதிரிப்பாகக் கடை நடத்தியவர். சங்கத்தாரின் செய்தி மடலை வேடா தம் பொறுப்பில் ஏற்று, போர்க்காலம் முழுவதும் கடல் கடந்து நின்ற வாலிபர்க்கு அனுப்பி வந்தார். எவன் எந்த முனையில் இருக்கின்றான், எவன் காயமுற்றான், எவன் இனி வரமாட்டான், எவனுடைய வண்டி எவர் வீட்டுக் கொட்டிலில் அவனுக்காகக் காத்து நிற்கின்றது என்னும் செய்திகளுக்கு அவர்கள் எவ்வளவு ஏங்கியிருப்பர்! ஊர்க் கடிதத்துக்காகக் காத்திருந்தவர்க்கே அதன் அருமை தெரியும். பசிபிக் தீவொன்றின் சேற்றிலே, கூடாரத்துக்குள் இருந்து, பழைய போர்ட் வண்டியைப் பற்றிய நாலு வரியை ஒருவன் படிக்கின்றான் என்று எண்ணிப் பாருங்கள். போரில் அவனைத் தாங்கியவை பல. அவற்றுள் அந்த நாலு வரியும் ஒன்று. பதக்கம் பெற்றோர் பட்டியலில் வேடாவின் பெயர் இல்லை. இக்கட்டுரையிலாவது இருக்கட்டும்.

இன்னொன்றும் நிகழ்ந்தது. படைமுகாமில் கலிபோர்னியப் பையனுக்குப் பக்கத்துக் கட்டிலிலே கன்சாஸ் மாநிலத்தான் படுத்திருந்தான். அதற்கு அப்பால் ஓஹையோ மாநிலத்தான். கலிபோர்னியன் தன் வண்டியின் படத்தைக் காட்டிக் கதை அளந்தான். ஒரு மூலையில் இருந்த விளையாட்டு ஒரு தேசத்தின் காதுக்கு எட்டியது அவ்வாறுதான்.

1945இல் போர் ஓய்ந்தது. மீண்டு வந்த வீரனுக்கு அரசு வேலை கிடைக்கும்வரை வாரத்துக்கு 20 டொலராக, 52 வாரத்துக்கு மேற்படாமல் உதவிப் பணம் கொடுத்தது. அவனிடம் பணத்தினும் பெரியதொரு முதல் இருந்தது. வீட்டிலிருந்து புறப்பட்டபோது அவன் பையன். மீண்டபோது விமான எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும், அலுமினியத் தகட்டை ஒட்டவும், நுட்பமான அளவுகருவிகளைக் கையாளவும் பயின்றவன். எந்தக் கல்லூரியும் அத்தனை பேர்க்கு அத்தனை விரைவில் அக்கல்வியைத் தந்திராது. கல்லூரி ஆசிரியனாகிய யானே இதனைச் சொல்கின்றேன்.

அலெக்ஸ் சைடியஸ் என்பார் பி-17 குண்டுவீச்சு விமானங்களிலே பணியாற்றியவர். படையினின்று விடுபட்ட 1946 மார்ச் மாதத்திலேயே பேர்பாங்க் நகரில் ‘சோ-கால் ஸ்பீட் ஷொப்’ என்னும் சிறு கடையைத் திறந்தார். எட் இஸ்கெண்டேரியன், ஆமேனியக் குடும்பத்துப் பிள்ளை, விமானப் படையின் போக்குவரத்துப் பகுதியில் சேவை புரிந்தவர். எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் ‘காம்’ தண்டு அக்காலத்தில் எளிதிற் கிடைக்கவில்லை. கேட்டுவிட்டு மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்க மனமின்றிச் சாதாரண அரைக்கும் இயந்திரமொன்றை வாங்கி, அதனை மாற்றியமைத்துத் தாமே காம் தண்டு செய்யலானார். பொறுமையின்மை எப்போதும் குற்றமன்று போலும்! ஸ்ருவர்ட் ஹில்போர்னும் விமானப் படையிற் பணிபுரிந்தவரே. அவர் கட்டிய வண்டி 1948இல் வறண்ட ஏரியிலே மணிக்கு 150 மைல் என்னும் எல்லையைத் தாண்டியது. கார்பரேட்டரை நீக்கி, எரிபொருளை அழுத்தத்தோடு எஞ்சினுக்குள் பீச்சும் அவரது முறை பின்னர் இண்டியானபொலிஸ் 500 மைல் ஓட்டத்து வண்டிகளிலும் இடம்பெற்றது.

இனி அந்தத் தொட்டிக்கு வருவோம். தூரப் பயணத்துக்காகப் போர்விமானங்களின் இறக்கைக்குக் கீழே மேலதிகப் பெற்றோல் தொட்டிகளைத் தொங்கவிடுவர். எரிபொருள் தீர்ந்ததும் விமானி அவற்றைக் கழற்றி வீழ்த்திவிடுவான். பில் பேர்க் என்பவர் தென் பசிபிக் போர்முனையிலே இத்தகைய தொட்டிகள் குவியலாகக் கொண்டுசெல்லப்படுவதைக் கண்டார். மற்றவர் கண்ணுக்குப் போர்த் தளவாடம். பேர்க்கின் கண்ணுக்கு வண்டியின் உடல்! 1946இல் பி-51 விமானத்தின் தொட்டி ஒன்றை வாங்கி, எஞ்சினும் சில்லுகளும் பூட்டி, மணிக்கு 130 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டினார். அத்தொட்டி ஒடுக்கமாயிருந்தது. ஆகவே, பி-38 விமானத்தின் பெரிய தொட்டியை நாடினார். 300 கலனுக்கு மேல் கொள்ளும் அதற்குள் மனிதனும் எஞ்சினும் அடங்கினர். அவரைப் பார்த்துப் பலர் செய்தனர். சைடியஸ் கடையார் கட்டிய தொட்டி வண்டி 1952இல் பொன்வில் உப்புவெளியிலே மணிக்கு 198 மைல் வேகத்தை எட்டியது. பி-38 விமானத்தைச் செய்த லொக்ஹீட் தொழிற்சாலை இருந்ததும் சைடியஸின் கடை இருந்த அதே பேர்பாங்க் நகரம் என்பது ஓர் இனிய பொருத்தம்.

மாணவர்க்காகச் சிறிது விளக்கம். வேகம் இரு மடங்கானால் வளியின் தடை நான்கு மடங்காகும். அதனை வெல்லத் தேவைப்படும் வலு எட்டு மடங்காகும். எனவே 100 மைலில் ஓடும் வண்டியை 200 மைலில் ஓட்ட வேண்டுமாயின், ஒன்றில் எட்டு மடங்கு வலுவுள்ள எஞ்சின் வேண்டும். அன்றேல் வளியை ஏமாற்றும் உடல் வேண்டும். முன்னையதற்குப் பெரும் பணம் தேவை. பின்னையதை விமானப் பொறியியலாளர் போருக்காக ஏற்கெனவே வகுத்து, தகட்டில் வார்த்து, பழைய பொருட் கிடங்கிலே போட்டு வைத்திருந்தனர். ஏழைப் பையன் ஒருவனுக்கு ஓர் அரசாங்கத்தின் ஆராய்ச்சி முழுவதும் மலிவு விலையிற் கிடைத்தது!

தொட்டி மட்டுமோ? குண்டுவீச்சு விமானத்தின் இலேசான இருக்கை விரைவண்டியின் இருக்கையாயிற்று. விமானியின் இடுப்பு வார் வண்டி ஓட்டியின் இடுப்புக்கு வந்தது. படைகளைக் கரைசேர்க்கும் படகுகளிலே ‘6-71’ என்னும் டீசல் எஞ்சின்கள் பூட்டப்பட்டிருந்தன. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் என்பது பெயரின் பொருள். அவ்வகை எஞ்சின்களில் வளியை உள்ளே தள்ளுதற்கு ஓர் ஊதுகருவி உண்டு. பார்னி நவாறோ என்பவர் அவ்வினத்துச் சிறிய ஊதுகருவி ஒன்றைப் போர்ட் எஞ்சினின் தலையிலே ஏற்றினார். எஞ்சினுக்கு மேல் ஊதுகருவி துருத்திக்கொண்டு நிற்கும் காட்சி அன்று தொடங்கியது. போரைக் கண்டு வளர்ந்தவன் யான். அழிவுக்கென வார்த்த இரும்பு வேறொன்றாய் மாறுவதைக் கேட்கையில் எனக்கு உண்டாகும் நிறைவு பிறர்க்கு மிகையாகத் தோன்றலாம், தோன்றட்டும்.

எல்லோரும் போர்வீரர் என்று சொல்வதும் நியாயமன்று. விக் எடெல்புறொக் போன்றார் போர்க்காலத்திலே கப்பற்றளத்தில் உருக்கொட்டும் வேலை செய்தவர். அவர் பங்கும் பெரிது. மீண்டு வந்த வீரர் அனைவரும் நல்லொழுக்கத்தின் இருப்பிடம் என்பதும் பொய். சாவோடு பழகி வந்தவர்க்கு ஊரின் அமைதி பொறுக்கவில்லை. தெருவிலே வண்டிகளைப் போட்டி போட்டு ஓட்டினர். அவர்களைப் பார்த்து இளையவரும் ஓட்டினர். உயிர்கள் போயின. பத்திரிகைகள் வைதன, ‘ஹொட் றொட்’ என்ற சொல்லே காவாலித்தனத்தைக் குறிப்பதாயிற்று.

இவ்விடத்திலேதான் வொலி பார்க்ஸ் என்னும் மனிதரை யான் வணங்குகின்றேன். பசிபிக் முனையில் கவச வண்டிப் படையோடு இருந்தவர். மீண்டு வந்து வேகமளப்புச் சங்கத்தின் பொறுப்பை ஏற்றார். 1948 ஜனவரியிலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் படைக்கலக் கூடமொன்றில் சங்கத்தார் தம் வண்டிகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தனர். அதே மாதத்தில் றொபேட் பீற்றர்சன் என்னும் இளைஞர், அவரும் விமானப் படையில் இருந்தவர், ‘ஹொட் றொட்’ என்னும் பெயரிலேயே ஒரு சஞ்சிகை தொடங்கிப் பிரதி 25 சதத்துக்கு விற்றார். வசைச் சொல்லையே பெயர்ப்பலகை ஆக்கிய துணிவு அது. அடுத்த ஆண்டு பார்க்ஸ் அதன் ஆசிரியரானார். அவ்வாண்டே பொன்வில் உப்புவெளியில் முதல் வேக வாரம் நடந்தது. 1951இல் தேசிய ஹொட் றொட் சங்கம் அமைந்தது. ‘பாதுகாப்புக்கு அர்ப்பணம்’ என்பது அதன் குறிக்கோள் வாசகம். 1954இல் சங்கத்தார் சிலர் காரும் இழுவைப் பெட்டியுமாகப் புறப்பட்டு, ஊரூராகச் சென்று, ஓட்டத்துக்குரிய இடத்தைத் தேர்வதும், வண்டியைச் சோதிப்பதும், விதிப்படி நடத்துவதும் எப்படி எனக் கற்பித்தனர்.

இதனை எழுதும் என் கை சற்றுத் தயங்குகின்றது. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் தெருவிலே மோட்டார் சைக்கிள் போட்டி ஓடி மாண்டான். பத்தொன்பது வயது. செத்த வீட்டிலே பெரியோர் பலர் வேகத்தைச் சபித்தனர், யானும் சபித்தேன். பார்க்ஸ் தம் காலத்துப் பையன்களைச் சபிக்கவில்லை. அவர்களுக்கு நேரான ஒரு பாதையும், ஒரு தலைக்கவசமும், வேகத்தை அளக்க ஒரு கருவியும் வேண்டும் என்றார். அவரும் ஒரு காலத்தில் அப்பையன்களுள் ஒருவரே. அதனாற் போலும் அவர் சொல்லை அவர்கள் கேட்டனர்.

நேரான பாதைக்கு எங்கே போவது? போர் அதனையும் விட்டுச் சென்றிருந்தது. நாடெங்கும் படை விமானத் தளங்கள் பயனற்றுக் கிடந்தன. ஓடுபாதைகளில் புல் முளைத்தது. விரைவண்டிக்காரர் அவற்றைக் கேட்டு வாங்கினர். 1955இல் தேசிய சங்கம் தன் முதலாவது அகில அமெரிக்கப் போட்டியை நடத்தத் தெரிந்துகொண்ட இடம் கன்சாஸ் மாநிலத்தின் கிறேட் பெண்ட். போர்க்காலத்திலே பி-29 குண்டுவீச்சு விமானிகள் பயின்ற தளம் அது. அவ்விமானங்களுக்காகக் கொட்டிய கொங்கிறீற்றின் மீது, மாநிலந்தோறுமிருந்து வந்த வண்டிகள் இரண்டிரண்டாக நின்று கால் மைல் ஓடின. இறுதி ஓட்டங்கள் தொடங்குமுன் மழை பிடித்துக்கொண்டது. எஞ்சியவற்றை அவ்வாண்டு நவம்பர் மாதம் அரிசோனா மாநிலத்திலே நடத்தி முடித்தனர்.