வேதக்காரர் ஊர்

என் அம்மம்மா தம் ஆயுள் முழுவதிலும் 'கிறிஸ்தவர்' என்ற சொல்லை ஒருமுறையேனும் உச்சரித்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவருக்கு அவர்கள் 'வேதக்காரர்'. எங்கள் உறவினர் ஒருவர் அவர்களிலே பெண் எடுத்த கதை வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தி, "அவன் வேதத்திலை சேர்ந்திட்டான்" என்பார். வேதம் என்றால் ரிக்கும் யசுரும் சாமமும் அதர்வணமும் என்று பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பெயர் வெள்ளைக்காரனுடைய சமயத்துக்கு எப்படி வந்து வாய்த்தது என்பது விளங்கவில்லை. அது வெள்ளைக்காரனுடைய சமயம் என்பதில் மட்டும் அந்நாளிலே எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை.

அந்த அபிப்பிராயம் முதன்முதலாக அசைந்த இடம் கிளாலிக் கடல்நீரேரி. 1993-ஆம் ஆண்டிலே, தரைப்பாதைகள் யாவும் அடைபட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தவர்களோடு நானும் ஓர் இரவு வள்ளம் ஏறினேன். இயந்திரம் பூட்டிய ஒரு வள்ளத்தின் பின்னே வேறு சில வள்ளங்களைக் கயிற்றால் தொடுத்து இழுத்துச் சென்றார்கள். தீக்குச்சி கிழிக்கக் கூடாது, குழந்தை அழுதால் வாயைப் பொத்த வேண்டும், அடித்தட்டில் ஊறிவரும் நீரை ஒருவர் மாறி ஒருவர் வாளியால் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்நீரேரியிலே எத்தனையோ பேர் உயிரிழந்திருந்தார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். என் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர், நெற்றி நிறையத் திருநீறு பூசியவர், "நல்லூர்க் கந்தா, யாகப்பரே" என்று இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் புறப்பட்டு வந்த கரையிலே இருந்தது வேதக்காரரின் யாகப்பர் கோயில். எந்தக் கரையிலிருந்து கிளம்புகிறோமோ அந்தக் கரைக்குரிய தெய்வத்தையும் கூப்பிட வேண்டும் என்பது அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியிராத நியாயமாக இருந்திருக்க வேண்டும்.

சென்ற ஆடியிலே, யாகப்பர் திருநாள் கழிந்த சில தினங்களுக்குப் பின், அந்தக் கரையை நான் பகலிலே பார்த்தேன். பிந்திய யுத்த காலத்தில் முன்னரங்காக இருந்து பனைகள் தலையிழந்து நின்ற பிரதேசம் அது. இப்போது மணலிலே இளவடலிகள் தலைகாட்டுகின்றன. கோயில் முற்றத்தில் நின்றபோது எனக்கு ஒரு நூலின் பெயர் ஞாபகம் வந்தது. இந்தக் கிளாலி யாகப்பர் மீது தெல்லிப்பளைப் பேதுருப் புலவர் 1647-இல் பாடிய அம்மானைக்குச் 'சந்தியோகுமையோர் அம்மானை' என்று பெயர். போர்த்துக்கீசர் தங்கள் யாகப்பரைச் சந்தியாகு மையோர், அதாவது பெரிய யாகப்பர், என்று அழைத்தார்கள். யாழ்ப்பாணத்துப் புலவர் அந்த ஒலியை வாங்கித் தமிழின் வாயிலே உருட்டி, பெண்கள் காய்களை மேலே எறிந்து பிடித்து ஆடும் விளையாட்டுக்குரிய பாட்டுருவிலே அந்த அப்போஸ்தலரை ஏற்றிவிட்டார். ஞானப்பள்ளு என்ற நூலும் அக்காலத்ததே. வயலில் உழுபவனுக்குரிய பள்ளும் முற்றத்தில் ஆடுபவளுக்குரிய அம்மானையும், ஒரு நாடு பிடிக்கப்பட்ட முப்பது ஆண்டுகளுக்குள்ளே, புதிய சமயத்தைத் தம் மடியில் இருத்திக்கொண்டன. கட்டளையிட்டுப் பாட்டு எழுதுவிக்கலாம். பாடுகிறவர் வாயிலே அந்தப் பாட்டுத் தங்கும்படி செய்ய எந்தத் துரையாலும் முடியாது.

இதைச் சொல்லும்போது நல்லூரை மறந்து நான் பேசலாகாது. 1619-இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கீசத் தளபதி பிலிப் தே ஒலிவேறா, 1621-இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினான். அந்தத் துயரம் எங்கள் ஊரிலே இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை. அதற்கு முன்பே, 1544-இல், மன்னாரிலே புதிதாய்ச் சமயம் மாறிய நூற்றுக்கணக்கானோரைச் சங்கிலி மன்னன் வெட்டுவித்தான் என்பதும் சரித்திரமே; சமயத்தோடு போர்த்துக்கீச அரசனின் பாதுகாப்பையும் அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று அவன் அஞ்சினான். வாளும் சிலுவையும் ஒரே கப்பலில் வந்த காலம் ஒன்று இருந்தது என்பது வாஸ்தவம். ஆனால் அந்தக் கப்பல் திரும்பிப் போன பிறகு நடந்ததை எங்களில் பலர் படிப்பதில்லை. அதைத் தேடித்தான் நான் சில்லாலைக்குப் போனேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய், சண்டிலிப்பாய் கடந்து, பண்டத்தரிப்பை அடுத்துக் கிடக்கிறது அவ்வூர். வேலிகளிலே கிளுவையும் பூவரசும். வளவுகளிலே புகையிலையும் வெங்காயமும். சைவ ஊர் எதற்கும் இதற்கும் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. கதிரைமாதா கோயிலின் உள்ளே நுழைந்தபோதுதான் வேறொரு சரித்திரத்துக்குள் வந்துவிட்டேன் என்று உணர்ந்தேன். நாம் அன்றாடம் உட்காரும் 'கதிரை'யே போர்த்துக்கீசச் சொல்தான், நத்தாரும் அப்படியே. ஆனால் அங்கே அவர்கள் செய்வது 'பூசை', அவர்கள் வணங்குவது 'சுருவம்', அவர்கள் போவது 'கோயில்'.

1658-இல் போர்த்துக்கீசரைத் துரத்திவிட்டு ஒல்லாந்தர் வந்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்களே, ஆயினும் கத்தோலிக்கம் அவர்கள் ஆட்சியில் குற்றம். குருமாரை நாடு கடத்தினார்கள். குருவுக்கு இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. அதே வேளையில், தங்கள் சபையிலே ஞானஸ்நானம் பெற்றவனுக்கே விவாகப் பதிவும் முதுசமும் உத்தியோகமும் என்று விதித்தமையால், ஊர் ஊராக மக்கள் அந்தச் சபையின் தோம்பிலே பெயர் எழுதிக்கொண்டு, வீட்டிலே விபூதி பூசிக்கொண்டார்கள். ஆங்கிலேயர் வந்ததும் அந்தத் தோம்புக் கிறிஸ்தவம் மழைக்காலத்து உப்புப் போலக் கரைந்து போயிற்று. 1816-இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பளையிலும் வட்டுக்கோட்டையிலும் கண்டவை கூரையிழந்த சுவர்களே. அரசாங்கம் ஊட்டி வளர்த்தது அழிந்தது. அரசாங்கம் தடைசெய்தது சில்லாலையிலே பிழைத்துக் கிடந்தது.

அது பிழைத்த விதம் எண்ண எண்ண என்னை உருக்குகிறது. ஏறக்குறைய முப்பது வருஷம் குரு இல்லை. மூப்பர்மார் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வார்த்தார்கள், பாட்டிமார் செபமாலையை மனனமாக வைத்திருந்தார்கள். 1687-இல் தூத்துக்குடியிலிருந்து தோணியேறி ஒரு மனிதர் வந்தார். யோசேப் வாஸ் என்ற அந்தக் குரு வெள்ளைக்காரர் அல்லர். கோவாவிலே கொங்கணிப் பிராமண மரபில் வந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. கூலிக்காரனைப் போல உடுத்து, யோவான் என்ற ஒரு துணையோடு வந்தவர், வயிற்றோட்டம் கண்டு சாகக் கிடந்தபோது யாரோ ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து காப்பாற்றினாள். உடம்பு தேறியபின் கழுத்திலே ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். பிச்சை இடும் கை எதுவென்று அவர் பார்க்கவில்லை, அந்த மாலையைக் கண்டதும் எந்தக் கண் ஒரு கணம் அங்கே நின்றது என்று பார்த்தார். அந்தக் கண்களைப் பின்தொடர்ந்துதான் அவர் சில்லாலைக்கு வந்து சேர்ந்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இவ்வூர் அவரை ஒளித்து வைத்திருந்தது. இரவிலே பூசை, விடியுமுன் எல்லோரும் தத்தம் வயலில். பின்னர் அவர் புத்தளம் போய், கண்டி போய், 1711-இல் அங்கேயே காலமானார். 2015 தை மாதத்தில், கொழும்புக் காலிமுகத்திடலிலே, பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். கத்தோலிக்கருக்கு இருந்த சட்டத் தடைகளை ஆங்கிலேயர் நீக்கியதோ 1806-இல். அதாவது, இந்த ஊர்க்காரர் தங்கள் விசுவாசத்தை அதிகாரத்துக்கு எதிராகவே ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்கிறார்கள். இவர்களையா நாம் ஆள வந்தவனின் சமயத்தார் என்றோம்?

கோயில் விறாந்தையிலே ஓர் அம்மா மெழுகுதிரி உருகிக் கட்டியாயிருந்த தட்டைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் நெடுநேரம் நிற்பதைக் கண்டு, "எங்கையிருந்து வாறீங்கள், தம்பி?" என்றார். சொன்னேன், சைவக்காரன் என்பதையும் சொன்னேன். "அதுக்கென்ன, சைவக்கார ஆக்களும் நேத்தி வைச்சு வாறவை" என்று சொல்லி, சுரண்டிய மெழுகை ஒரு பழைய பால்மாப் பேணியிலே கொட்டினார். இந்தக் கோயிலில்தானா வாஸ் முனிவர் இருந்தார் என்று கேட்டேன். "அப்ப கோயில் எங்கை? வீடுகளிலைதான். ஆக்கள் மெல்ல மெல்லக் கதைச்சுக்கொண்டு இருந்தவையாம், வெளியிலை கேக்கக் கூடாதெண்டு" என்றார்.

அம்மம்மா தாழ்த்திய குரல் என் காதிலே கேட்டது. அதே சொல்லை அதே தாழ்ந்த குரலிலே இங்கேயும் இரவுகளில் சொல்லியிருக்கிறார்கள். அவரிடம் அதை இப்போது போய்ச் சொல்ல வழியில்லை.

பண்டத்தரிப்புப் பக்கம் பஸ் வரும் சத்தம் கேட்டு நான் விடைபெற்றேன். ஒழுங்கை முடக்கிலே என்னைக் கண்டு யாரோ ஒரு சைக்கிள்காரர், இவர் யார் என்று அந்த அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். "கொழும்பிலையிருந்து வந்தவராம்!" என்று விறாந்தையிலிருந்தே தெருவெல்லாம் கேட்க அவர் கூவினார். "பழைய வேதக்காரர் ஊரைப் பாக்க வந்தவர்!"