மின்விசிறிக்கும் வீணைக்கும் நடுவே

வீணையில் ஒரு மீட்டுக்கு ஆயுள் சில விநாடிகள்தான். வலக்கை விரல் தந்தியை மீட்டி விலகியதும், இடக்கை அதே மெட்டின் மேல் தந்தியை இழுத்துத் தளர்த்தி, மறுபடி இழுத்து, இரண்டு மூன்று சுரங்களைப் பிறப்பித்துவிடுகிறது. தோடி ராகத்தின் காந்தாரம் அசைவதெல்லாம் நாதம் தேய்ந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான். அறையில் மின்விசிறி சுழன்றால் முதலில் பறிபோவதும் அந்த அசைவுதான்.

2020 ஊரடங்கில் சபாக்கள் மூடியிருந்தபோது, கர்நாடக இசைக் கலைஞர்கள் பலர் வீட்டிலேயே பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஒரு கண்டென்சர் மைக், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப் இருந்தால் போதும் என்றானது. கண்டென்சர் மைக் நுணுக்கமானது. தந்தியின் மினுமினுப்பைப் பிடிக்கிற அதே காது மாடிவீட்டு மிக்ஸியையும் தெருவின் ஹாரனையும் பிடித்துவிடும். கேட்டுப் பார்த்தவர்களுக்கு இரைச்சல் உறுத்தியது. 'கம்ப்யூட்டரில் எடுத்துவிடலாம்' என்ற ஆறுதலும் கூடவே வந்தது.

கம்ப்யூட்டர் அதை எப்படி எடுக்கிறது? ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில், யாரும் வாசிக்காத ஓரிரு விநாடியை முதலில் தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டும். எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று அது கணக்கு எடுத்துக்கொள்ளும். பிறகு பதிவு முழுவதிலும் அந்த அளவைத் தாண்டாத ஒலியையெல்லாம் அடக்கிவிடும். இந்த வழியின் மூத்த வடிவங்களில் ஒன்றை ஸ்டீவன் போல் 1979-இல் வெளியிட்டார். அவர் கையாண்டது மனிதப் பேச்சை. பேச்சில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி உண்டு. இரைச்சல் மட்டும் மாறாமல் நிற்கும். ஆகவே மாறாமல் நிற்பது இரைச்சல் என்ற அனுமானம் அங்கே பொருந்துகிறது.

ஆனால் தம்புராவும் மாறாமல் நிற்பது. சுருதிப் பெட்டியை ஓட விட்டபடியே அந்த ஓரிரு விநாடியைக் காட்டினால், மென்பொருள் சுருதியையே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு கழிக்கத் தொடங்கும். தந்தியை இழுத்துப் பிறக்கும் அசைவான கமகம் தேயும்போதும் நிலைமை இதுதான்: இரைச்சலின் அளவுக்கு இறங்கியதும் இரண்டையும் பிரித்தறிய அந்தக் கணக்குக்கு வழியில்லை. மிச்சமாகும் நாதம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஒலிக்கும். மெல்லிய ஒலி வந்தால் வாசலையே சாத்திவிடும் 'நாய்ஸ் கேட்' வீணைக்கு இன்னும் கொடுமை. சுரத்தின் வாலை ஒரேயடியாக வெட்டிவிடும்.

டேப் காலத்திலும் இதே சண்டை இருந்தது. ரே டால்பி 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் இருந்தவர். 1965-இல் இங்கிலாந்து திரும்பி லண்டனில் நிறுவனம் தொடங்கி, டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சலைச் சுமார் 10 டெசிபெல் குறைக்கும் முறையைக் கொண்டுவந்தார். மெல்லிய இசையைப் பதிவாகும் முன்பே உயர்த்திவிடுவது, கேட்கும்போது அதே அளவு தாழ்த்துவது. தாழ்த்தும்போது டேப்பின் இரைச்சலும் சேர்ந்து தாழும். இரைச்சல் கலப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது என்பதுதான் இதில் போற்றத்தக்கது. வீட்டில் பதிவு செய்பவருக்கும் இந்த வரிசைதான் சரி.

மைக்கை அருகில் கொண்டுவருவதே முதல் வேலை. 60 சென்டிமீட்டரிலிருந்து 30-க்கு நகர்த்தினால் வீணை ஏறக்குறைய 6 டெசிபெல் கூடுதலாக விழும். அறையின் இரைச்சல் அப்படியே இருக்கும். கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம் என்பதால் லேப்டாப் அந்தப் பக்கம் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். சென்னை மே மாதத்தில் அது வதைதான். ஆனால் ஏசியை முன்கூட்டியே ஓடவிட்டு, பதிவின்போது மட்டும் அணைத்தால் ஒரு கீர்த்தனை தாங்கும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வீண். அது வெளிச்சத்தத்தைத் தடுப்பதில்லை. சுவரோரம் சாய்த்த பஞ்சு மெத்தையும் தொங்கவிட்ட ஜமக்காளமும் அறையின் எதிரொலியையாவது அடக்கும்.

மின்சார 'ஹம்' வேறு ரகம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த ரீங்காரம் 50-இலும், அதன் மடங்குகளான 100, 150-இலும் உட்காரும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அத்தோடு மறைந்துவிடும். மறையாவிட்டால், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதையெல்லாம் வெட்டிவிடுங்கள் என்று பொது ஆலோசனை சொல்வார்கள். குரலுக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் மூன்று கட்டை சுருதியில் வீணையின் மிகத் தாழ்ந்த தந்தியான அனுமந்தரம் 60 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலிக்கிறது. வெட்டினால் அதன் அடிநாதம் போய்விடும். 50, 100, 150 ஆகிய இடங்களில் மட்டும் மெல்லிய கீறல்போல் குறைப்பதே வீணைக்கு ஏற்றது.

இவ்வளவுக்குப் பின்னும் இரைச்சல் மிஞ்சினால் மென்பொருளைத் தொடலாம், ஐந்தாறு டெசிபெல்லுக்கு மேல் போகாமல். ஆடாசிட்டியில் அதற்குத் துணையாக ஒரு வசதி உண்டு: நீக்கப்போவதை மட்டும் தனியே கேட்கலாம். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதை ஒருமுறை பொறுமையாகக் கேட்க வேண்டும். வெறும் 'ஸ்ஸ்' மட்டும் கேட்டால் சரி. காந்தாரத்தின் அசைவோ, தந்தியில் விரல் வழுக்கும் ஓசையோ அதில் துளி கேட்டாலும் அளவைக் குறைத்துவிட்டு, மைக்கை இன்னும் ஒரு சாண் அருகே வைத்து மறுபடி வாசிப்பதுதான் வழி.