அதிகுளிர் வாயுவில் ஓர் அந்நியன்

மாசு என்றாலே ஒழித்துக்கட்ட வேண்டிய சமாச்சாரம் என்றுதான் நினைப்பு. ஆனால் அதை வேண்டுமென்றே, அளந்து, நிறையக் காசு செலவழித்துக் கலக்கிற ஒரு கூட்டம் இயற்பியலில் இருக்கிறது.

ஏன் என்று தெரிய ஒரு பழைய கதை. 1934-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் டி ஹாஸும் சகாக்களும் தங்கத்தைக் குளிர்வித்து அதன் மின்தடையை அளந்தார்கள். குளிரக் குளிரத் தடை குறைய வேண்டும். குறையவும் செய்தது. ஆனால் 4 கெல்வினுக்குப் பக்கத்தில் போனதும் திரும்ப ஏற ஆரம்பித்துவிட்டது! விடை கிடைக்க 30 வருடம் ஆனது. 1964-ல் ஜப்பானின் ஜுன் கோண்டோ விளக்கினார்: துளியூண்டு கலந்திருக்கும் இரும்பு போன்ற காந்த அணுக்கள்தான் வில்லன்கள், எலக்ட்ரான்கள் அவற்றில் மோதிச் சிதறுவது குளிரில் அதிகமாகிறது.

கூட்டத்துக்குள் ஓர் அந்நியன் நுழைந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. உலோகத்துக்குள் இதை நேரில் பார்ப்பது பெரும்பாடு. அங்கே எலக்ட்ரான்கள் அட்டோவினாடிக் கணக்கில் இடம் மாறி முடித்துவிடும். அதிகுளிர் வாயுவில் கதை வேறு. லேசராலும் காந்தப்புலத்தாலும் பிடித்துவைத்த அந்த அணுக்கூட்டம் காற்றைவிட லட்சம் மடங்குக்கு மேல் அடர்த்தி குறைந்தது. வெப்பநிலை ஒரு கெல்வினில் கோடியில் சில பங்கு. எல்லாமே மெதுவாக, மைக்ரோவினாடிகளில் நடக்கும். போதாததற்கு, காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்து, அந்நியனும் கூட்டமும் எவ்வளவு பலமாக ஈர்க்கலாம் என்பதையும் முடிவு செய்யலாம். ரேடியோவில் குமிழைத் திருகுவது மாதிரி. எந்த உலோகம் இதற்கு ஒத்துக்கொள்ளும்?

2009-ல் எம்.ஐ.டி.யில் மார்ட்டின் ஸ்வியர்லைன் குழு லித்தியம்-6 அணுக்களை எடுத்துக்கொண்டது. பெரும்பாலானவை ஒரு தற்சுழற்சி நிலையில், மிகச் சில இன்னொரு நிலையில். (அதாவது மாசும் லித்தியம்தான்! பேருக்குத்தான் அந்நியன்.) ரேடியோ அலையால் அந்தச் சிலவற்றைத் தட்டிப் பார்த்தபோது கூர்மையான ஒரு உச்சம் தெரிந்தது. அணு தனியாக இல்லை. பக்கத்து அணுக்களைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து, அந்தப் பரிவாரத்தோடு சேர்ந்து ஒரே துகள் போல நடக்கிறது. இதற்குப் பேர் போலரான். படிகத்துக்குள் எலக்ட்ரான் இப்படிச் செய்யலாம் என்று லாண்டாவ் 1933-லேயே யோசித்திருந்தார். ஈர்ப்பை இன்னும் கூட்டினால் அந்த உச்சம் காணாமல் போகிறது. அந்நியன் ஊரையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஓர் அணுவைக் கைப்பிடித்து மூலக்கூறாகிவிடுகிறது.

பரிவாரம் இருந்தால் எடை கூடுமல்லவா? அதே 2009-ல் பாரிஸில் அளந்தார்கள். ஈர்ப்பு உச்சத்தில் இருக்கும்போதும் சுமார் 1.2 மடங்குதான். இவ்வளவு பெரிய கூட்டத்தை இழுத்துக்கொண்டு போகிற அணுவுக்கு இது அநியாயத்துக்குக் குறைவு. பிரெடெரிக் ஷெவி 2006-ல் போட்ட எளிய கணக்கு, கூட்டத்திலிருந்து ஒரே ஓர் அணு மட்டும் இடம் பெயர்வதாக வைத்துக்கொண்டது. அதுவே போலரானின் ஆற்றலை ஏறத்தாழ சரியாகச் சொல்லிவிட்டது என்பது ஆச்சரியம்தான்.

அந்நியன் நகரவே முடியாதபடி கனமாக இருந்தால்? அங்கேதான் ஆண்டர்சன் 1967-ல் சொன்ன 'பேரழிவு' வருகிறது. நெருக்கி உட்கார்ந்த பந்தியில் இன்னொருவர் நுழைந்தால் ஆளாளுக்கு அரை அங்குலம் நகர்வார்கள். தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் பந்தி முடிவில்லாமல் நீண்டால், அந்த அரை அங்குலங்கள் எல்லாம் சேர்ந்து, பழைய பந்திக்கும் புதிய பந்திக்கும் துளி ஒற்றுமையும் மிஞ்சாது. 2016-ல் இன்ஸ்ப்ரூக் குழு லித்தியம் கூட்டத்துக்குள் கனமான பொட்டாசியம் அணுக்களை விட்டு, அவற்றுக்கிடையேயான விசையைச் சட்டென்று மாற்றி, கூட்டம் நகரத் தொடங்குவதைச் சில மைக்ரோவினாடி இடைவெளிகளில் தொடர்ந்து பார்த்தது. உலோகத்தில் கனவிலும் நடக்காத காரியம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஃபெர்மியான் கூட்டம். அங்கே ஒரு நிலையில் ஒருவருக்குத்தான் இடம். போசான்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எத்தனை பேர் வேண்டுமானாலும் அந்நியனை மொய்க்கலாம். அதனாலேயே கணக்கும் சிக்கல். 2016-ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ், அமெரிக்காவின் போல்டர் ஆகிய இரண்டு இடங்களில் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளுக்குள் போலரானைப் பார்த்தார்கள். 2020-ல் எம்.ஐ.டி. குழு சோடியம் செறிபொருளில் பொட்டாசியத்தை விட்டுப் பார்த்தது. செறிபொருள் நல்ல குளிரில் இருக்கும்வரை போலரான் திடமாக இருந்தது. வெப்பம் ஏற ஏற அதன் ஆயுள் குறைந்தது. செறிபொருள் கலையும் வெப்பநிலையை நெருங்கியபோது, 'இது ஒரு துகள்' என்று சுட்டிக்காட்ட ஒன்றுமே மிச்சமில்லை. பொட்டாசியம் அணு எங்கும் போய்விடவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. ஈர்ப்பு பலமாகும்போது அதைச் சுற்றி எத்தனை போசான்கள் சேரும் என்பதில் கோட்பாட்டாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை.