கிணத்துக்கடவில் பட்டாம்பூச்சி விருந்து

போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் ரயில் பாதை 1915-இல் திறக்கப்பட்டது. 2017-இல் அகலப் பாதையாக உருமாறி மறுபடியும் ஓடத் தொடங்கிற்று. அதில் ஏறிக் கிணத்துக்கடவில் இறங்குவோர் கண்ணுக்கு முதலில் தெரிவது பொன்மலையும் அதன்மேல் விளங்கும் வேலாயுதசுவாமி கோயிலுமாகும். அடுத்தபடி காற்று! பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்துவரும் அந்தக் காற்று, ஆனி ஆடியில் தோள்மேல் துண்டு போட்டிருப்பவரை ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நடக்கச் செய்துவிடும்.

இந்தக் காற்றிலும் யாத்திரை போகிறவர்கள் உண்டு. கருமேனியில் வெளிர்நீலக் கோடுகள் கொண்ட வரியன்களும், காக்கை நிறக் கருப்பன்களுமான பட்டாம்பூச்சிகள், ஐப்பசி மழைக்கு முன்பாகச் சமவெளியிலிருந்தும் கிழக்கு மலைகளிலிருந்தும் கோவை வட்டாரத்தின் ஊடே மேற்கு மலைகளுக்குக் கூட்டங்கூட்டமாகப் பறக்கின்றன; தென்மேற்குப் பருவ காலத்தையொட்டித் திரும்புகின்றன. வழியில் இளைப்பாற அவற்றுக்கு நம் வீட்டுத் தோட்டத்தில் என்ன இருக்கிறது?

"ஏன், ரோஜா இருக்கிறதே!" என்பீர்கள். அடுக்கடுக்காய் இதழ் பூத்த ரோஜா நமக்கு அழகுதான். பட்டாம்பூச்சிக்கு அது பூட்டிய வீடு. இட்லிப்பூவும் நித்தியகல்யாணியும் வையுங்கள். வேண்டாத களை என்று கொத்தி எறிகிறோமே, அந்த வெட்டுக்காயப் பூண்டின் சிறு பூவிலும் தேன் இருக்கிறது.

ஆனால் பூ வெறும் சாப்பாட்டு விடுதி. தொட்டில் கட்ட வேண்டுமானால் இலை வேண்டும். இந்த விஷயத்தை எனக்கு நேரில் விளக்கியது கிணத்துக்கடவுத் தோட்டத்து வீடொன்றின் கறிவேப்பிலை மரம். அதில் பச்சைப் புழுக்கள் நாலைந்து வெகு சிரத்தையாக மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றைக் குச்சியால் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு இரண்டை நீட்டி, நாற்றத்தையும் வீசிற்று.

"மருந்தடிச்சு உட்றலாமுங்களா, அம்மா?" என்றார் வீட்டுக்காரர்.

"உடு கண்ணு. ரசத்துக்கு நாலு எலை போதும். அது தின்ன மிச்சம் நமக்காச்சு" என்றார் அவருடைய தாயார்.

இந்தத் தர்மம் இல்லாமல் பட்டாம்பூச்சித் தோட்டம் இல்லை. அந்தப் புழுவே சில வாரங்களில் வெண்பொட்டு வரிசையுள்ள கறுப்புச் சிறகுடன் வெளிவருகிறது. அதன் பெண்களில் பல, சிவப்பு உடல் கொண்ட வேறொரு பட்டாம்பூச்சியைப் போலவே வேஷம் தரித்திருக்கும். ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்ந்து விஷமேறிய அந்த இனத்தைப் பறவைகள் தொடுவதில்லை, வேஷதாரியும் தப்பிக்கிறது. நாடகக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய ஒப்பனை!

கொங்கு நாட்டுக் கிளுவை வேலிகள் முன்பு இந்தத் தொட்டில்களையெல்லாம் தாமே சுமந்தன. வேலிப்பருத்தி படரும், ஓரத்தில் எருக்கு நிற்கும், வரப்பில் ஆடுதீண்டாப்பாளை கிடக்கும். இப்போது பொள்ளாச்சிச் சாலையோரத் தோட்டங்கள் வீட்டு மனைகளாகின்றன. கிளுவை நின்ற இடத்தில் கம்பி வேலியும் சுற்றுச்சுவரும் எழும்புகின்றன. தக்காளிக் காட்டில் அடிக்கும் மருந்து, தக்காளிப் புழு எது, மற்றப் புழு எது என்று விசாரித்துக்கொண்டு கொல்வதில்லை. 2019-இல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்துக் கௌரவித்தோம், மிகவும் சந்தோஷம். ஆனால் அது மலைக்காட்டுவாசி. நம் முற்றத்துக்கு வருகிறவற்றுக்கு முற்றத்துக்காரர்தாம் கதி.

ஆகையால் புது வீடு கட்டுகிறவர்கள் சுவரோரம் இரண்டு முழ நிலத்தைச் சிமென்டு பூசாமல் விடட்டும். வெயில் விழும் இடமாக இருப்பது நல்லது. ஒரு கறிவேப்பிலை, ஓர் எலுமிச்சை, இடமிருந்தால் ஒரு சரக்கொன்றை. துணி துவைக்கும் கல்லருகே ஈரமண் இருந்தால் அதன் உப்பை உறிஞ்ச ஆண் பட்டாம்பூச்சிகள் வந்து வரிசையாக உட்காரும். மருந்துப் புட்டி மட்டும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

மூலையில் கிலுகிலுப்பைச் செடி ஒன்றும் அவசியம். யாத்திரை போகும் வரியன், கருப்பன் ஆண்கள், பெண்களை மயக்கும் வாசனைக்கு வேண்டிய சரக்கை அதிலிருந்துதான் உறிஞ்சிக்கொள்கின்றன. செடி வாடிக் காய்ந்ததும் குப்பையென்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். காய்ந்த தண்டிலேதான் அவை மொய்த்துத் தொங்கும்.