அடுத்த வீட்டுக் கதவு

ஒரு வீட்டிற் குடிபுகுவதற்கு ஒரு நாள் போதும். அயலிற் குடிபுகுவதற்கோ எமக்கு ஆறு மாதங்களுக்கு மேல் ஆயின.

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மேற்படிப்பின் பொருட்டு ஓராண்டு விடுப்புப் பெற்று, யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்துடன் சிங்கப்பூர் சென்றோம். தோ பாயோ என்னும் பகுதியில், தொடர்மாடி ஒன்றின் ஒன்பதாம் மாடியில் வாடகைக்கு வீடு கிடைத்தது. பெருஞ் சதுப்பு நிலம் என்பதே அப்பெயரின் பொருள். 1960-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அதனை நகராக்கியது. அந்நாட்டில் வதிவோருள் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் இக்கழகம் கட்டிய மாடி வீடுகளிலேயே வாழ்கின்றனர், முக்காற்பங்கினர் சீனர். எமது விறாந்தையில் எம்மைத் தவிர ஏனையோர் அனைவரும் சீனரே.

முற்றமும் வேலியும் கிணற்றடியும் கண்டு பழகிய எம் இல்லாள், ஈரத் துணிகளை மூங்கிற் கழியிற் கோத்து யன்னலுக்கு வெளியே நீட்டக் கற்றுக்கொண்டார். ஆனால், அடுத்த வீட்டாருடன் பழகக் கற்றோமில்லை. அங்கே ஒரு மூதாட்டி, மகனுடனும் பேரனுடனும் வாழ்ந்தார். அவர்தம் வாசலோரம் தரையில் வைத்திருந்த சிறு சிவப்புக் கோயிலிலிருந்து ஊதுபத்திப் புகை காலையும் மாலையும் எம் வீட்டினுள் வரும். நாம் செத்தல் மிளகாய் வறுத்தாலோ, மூதாட்டி இருமியவாறே யன்னலைச் சாத்துவார். அதனை அவமதிப்பெனக் கருதி நாமும் கதவைச் சாத்தினோம்.

ஒருநாள் அவரே கதவைத் தட்டி, மூடிய தட்டொன்றை இரு கைகளாலும் நீட்டினார். நாமோ சைவ உணவினர். சீனர் வீட்டுப் பண்டமாயின் பன்றியிறைச்சி கலந்திருக்கும் என்று நாமாகவே முடிவு செய்து, மூடியைத் திறந்தும் பாராமல், கைகூப்பித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவர் முகம் வாடிற்று. அதன் பின்னர் மின்னுயர்த்தியில் எம்மைக் கண்டால், அடுத்த தடவைக்கெனக் காத்து நிற்பார். ஓரினத்தவரே ஓரிடத்திற் குவியாதிருக்க, ஒவ்வொரு தொடர்மாடிக்கும் இன விகிதம் வகுத்து 1989 முதல் அங்கே நடைமுறைப்படுத்தி வருகின்றனர். சட்டம் எம்மை அயலவராக்கியது. அதற்கு மேற் செய்யவேண்டியது எம் கடமையென அன்று தோன்றவில்லை.

ஆகஸ்ட் 4-ஆந் திகதி ஆடி அமாவாசை. தந்தையார் மறைந்த நாள் முதலாக, ஆண்டுதோறும் கீரிமலையிலே தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்து வந்தோம். அவ்வாண்டு அது வாய்க்கவில்லை. காலையில், சிலோன் றோட்டில் இலங்கைத் தமிழர் பேணிவரும் செண்பக விநாயகர் ஆலயத்தில் வழிபட்டோம். வீடு திரும்பி, தந்தையார் படத்தின் முன் படையலிட்டோம். காகத்துக்குச் சோறு வைக்கவோ வழியில்லை. பறவைகளுக்கு உணவிடுதல் அங்கே சட்டப்படி குற்றம். கடன் குறைபட்டதே என்ற எண்ணம் நாள் முழுதும் எம்மை வருத்திற்று.

மாலையில் மகனுடன் கீழே இறங்கினோம். தொடர்மாடியின் ஓரத்தில், சோறும் தோடம்பழமும் மெழுகுதிரியும் வைத்து, இரும்புக் கொள்கலனில் மூதாட்டி காகிதங்களை எரித்துக்கொண்டிருந்தார். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் அன்றே பிறந்திருந்தது. அம்மாதத்தில் இறந்தோர் இவ்வுலகுக்கு வந்துபோவர் என்பது அவர்களது நம்பிக்கை. காற்றுச் சில காகிதங்களைப் பறக்கடித்தது. எம் மகன் ஓடிச்சென்று பொறுக்கிக் கொடுத்தான்.

மூதாட்டியின் மகன் ஆங்கிலத்திற் சொன்னார்: "என் தந்தையாருக்காக எரிக்கிறோம். மாதத்தின் முதலாம் நாளும் பதினைந்தாம் நாளும் அம்மா இறைச்சி தொடமாட்டார். உங்களுக்குக் கொண்டுவந்ததும் அத்தகைய நாளிலேதான். உங்கள் மனைவி சந்தையில் மரக்கறி மட்டுமே வாங்குவதைக் கண்டு, உள்ளியும் வெங்காயமும் சேர்க்காமற் சமைத்தார்."

எமக்கு நாவெழவில்லை. இளம்பிறையின் முதல் நாளையும் முழுமதி நாளையும் அவர்கள் நோற்கின்றனர். அமாவாசையையும் பௌர்ணமியையும் நாம் நோற்கின்றோம். மாணவருக்குப் பண்பாடு கற்பிக்கும் நாம், ஒரு தட்டின் மூடியைத் திறந்து பார்க்கத் தவறினோம்.

அன்றிரவு, படைத்த உழுந்து வடையையும் பாயாசத்தையும் எடுத்துச்சென்று கதவைத் தட்டினோம். மூதாட்டி இரு கைகளாலும் ஏற்றார். உடனே உண்டாரல்லர், தம் கணவரின் படத்தின் முன் வைத்து வணங்கிய பின்னரே சுவைத்தார். காகம் உண்ணாத எம் தந்தையாரின் படையல், மற்றொரு தந்தையின் முன் வைக்கப்பட்டது. எம் மனம் ஆறிற்று.

பதினைந்தாம் நாள் மீண்டும் தட்டு வந்தது. கோவாவும் சோயாக் கட்டியும் சேர்த்துப் புரட்டிய அரிசிச் சேமியா அதில் இருந்தது. ஒன்றும் எஞ்சாமல் உண்டோம். அவர்தம் பேரன் அவரை "ஆமா" என்பான். அவர்களது மொழியில் அது பாட்டியைக் குறிக்கும். எம் மகனுக்கோ அவர் "ஆச்சி" ஆனார்.

ஆண்டிறுதியில் ஊர் திரும்பும்வரை அக்கதவுகள் பகலிற் சாத்தப்படவில்லை, செத்தல் மிளகாய் வறுக்கும் வேளை தவிர. அப்போதும் எம் இல்லாள் முன்கூட்டியே சென்று சொல்லிவிடுவார்.