மல்லிகையும் கனகாம்பரமும்

மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் அரண்போல் நிற்க, அவற்றின் நடுவே நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. 1895 ஆம் ஆண்டில் பெரியாற்று அணை திறக்கப்பெற்ற நாள் முதல், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வரும் நீர் முல்லையாற்றோடு கலந்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்களின் வயல்களை வளப்படுத்தி வருகிறது. ஆறே ஒரு பூவின் பெயரைத் தாங்கியிருக்க, அது பாயும் நாட்டில் பூக்களுக்குக் குறைவுண்டோ? சின்னமனூரை அடுத்த சீலையம்பட்டியிலும், தேனிக்குக் கிழக்கே உள்ள ஆண்டிபட்டியிலும் காலையில் கூடும் பூச்சந்தைகளே இதற்குச் சான்று.

அச்சந்தைகளில் வெண்ணிற மல்லிகை மொட்டுகள் ஒருபுறம் குவிந்து கிடக்கும். செம்மஞ்சள் நிறக் கனகாம்பரம் மற்றொருபுறம் குவிந்து கிடக்கும். மல்லிகைக்கு மணம் உண்டு. ஆனால், மறுநாளே அது வாடிவிடும். கனகாம்பரத்திற்கு மணம் இல்லை. ஆயினும், அதன் நிறம் எளிதில் மங்குவதில்லை. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைப்பதனாலேயே பெண்கள் இரண்டனையும் ஒரே நாரில் தொடுத்துச் சூடுகின்றனர். எனினும், ஒரே நாரில் அமரும் இவ்விரு பூக்களும் ஒரே வகையான வாழ்க்கையை விரும்புவன அல்ல. இவ்வுண்மையை ஆண்டிபட்டிப் பகுதியைச் சேர்ந்த ஒரு சிறுமி பாடுபட்டே அறிந்துகொண்டாள்.

அச்சிறுமி எட்டாம் வகுப்பில் பயின்றுவந்தாள். அவளுடைய அப்பத்தாவுக்கு அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம் இருந்தது. பங்குனி முதல் புரட்டாசி வரையில் அத்தோட்டம் குடும்பத்தைக் காப்பாற்றியது. பனி தொடங்கியதும் பூ அருகிவிடும். சந்தையில் மல்லிகையின் விலை உச்சியில் நிற்கும் அம்மாதங்களில், விற்பதற்கு அவர்களிடம் ஒரு படி மொட்டும் இராது. கடன் வாங்கியே நாள்களைக் கடத்தவேண்டியிருந்தது. ஆகவே, கிணற்றடியில் கிடந்த சிறு நிலத்தைப் பெயர்த்தியிடம் ஒப்படைத்து, "தாயி, இதில் கனகாம்பரமும் வை, நமக்குக் கைகொடுக்கும்" என்றார் அப்பத்தா.

சிறுமி பத்து மல்லிகைப் பதியன்களையும் பத்துக் கனகாம்பர நாற்றுகளையும் கொண்டுவந்தாள். இரண்டிற்கும் வேறுபாடு காட்டுதல் ஆகாது என்று அவள் எண்ணினாள். கிணற்றடியில் தென்னைமரங்களின் நிழல் இருந்தது. வாய்க்காலின் ஈரமும் இருந்தது. அவ்விடத்திலேயே இருபதையும் வரிசையாக நட்டாள். எல்லாவற்றிற்கும் ஒரே அளவு எருவிட்டாள். நாள்தோறும் ஒரே அளவு நீர் வார்த்தாள்.

பங்குனி பிறந்தது. கனகாம்பரச் செடிகளில் கதிர்கள் எழுந்து, அடியிலிருந்து நுனி நோக்கிச் சிறிது சிறிதாக மலர்ந்தன. மல்லிகையோ கரும்பச்சை இலைகளோடு புதர்போல் செழித்து நின்றது. தேடிப் பார்த்தும் ஒரு மொட்டில்லை. "இது மலட்டுச் செடி, பிடுங்கி எறிந்துவிடலாம்" என்று சிறுமி சினந்தாள்.

அப்பத்தா அவளைத் தம் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். அது செம்மண் நிலம். காலை முதல் மாலை வரை வெயில் படுவது. நட்ட குழிகளுக்கிடையே நான்கடி இடைவெளி விடப்பட்டிருந்தது. "உன்னுடைய செடிக்கும் இதற்கும் தாய் ஒன்றுதான். நிழலில் வைத்தாய், ஈரம் காயவிடாமல் நீர் வார்த்தாய். அது இலையை வளர்த்துக்கொண்டு பூவை மறந்துவிட்டது. குறை செடியிடத்தில் இல்லை, தாயி" என்றார்.

அப்பத்தாவின் சொல் அனுபவத்தில் விளைந்தது. மல்லிகை, ஒலிவ மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. நன்றாக வெயில் படுவதும், நீர் தேங்காது வடிவதுமான மண்ணே அதற்கு ஏற்றது. களிமண்ணில் இலை மிகும், பூ குறையும். புதிதாகத் துளிர்க்கும் கிளைகளின் நுனியிலேயே அது அரும்புகிறது. ஆகையால், கார்த்திகையில் நீர் பாய்ச்சுவதைக் குறைத்து, தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரையடி உயரத்திற்குமேல் உள்ள கிளைகளை வெட்டி விடுவர். பின்னர் எருவிட்டு நீர் பாய்ச்சினால் புதுத்தளிர்கள் தோன்றும். அவற்றில் மொட்டுகள் திரளும். அன்று மாலையில் மலரவிருக்கும் மொட்டுகளை அன்று விடியுமுன்னரே பறித்துவிடவேண்டும். அதனால், கதிரவன் எழுவதற்கு முன்பே பூப்பறிக்கும் பெண்கள் விளக்கொளியில் தோட்டத்தில் இறங்குவர்.

இவ்வாறு பேணி வளர்க்கும் உழைப்பாளரின் பூவே 'மதுரை மல்லி' என்று புகழ்பெற்று, 2013 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. மதுரையின் பெயரைத் தாங்கினும், தேனி, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களிலும் அது விளைகிறது. இதே இனத்து மல்லிகையைப் பிலிப்பைன்ஸ் நாட்டார் 1934 ஆம் ஆண்டிலேயே தம் தேசிய மலராக ஏற்றுக்கொண்டனர்.

சிறுமி தன் பிழையை உணர்ந்தாள். தழைத்து நின்ற மல்லிகைக் கிளைகளை வளைத்து, மண்ணில் புதைத்துப் பதியனிட்டாள். அவை மூன்று, நான்கு மாதங்களில் வேர்விடும். பிறகு வெட்டவெளியில் நடலாம். அத்தோடு அவள் நின்றிருந்தால் நன்றாயிருக்கும். "மல்லிகைக்கு நல்லது கனகாம்பரத்திற்கும் நல்லதன்றோ?" என்று கருதி, பூத்துக் குலுங்கிய கனகாம்பரச் செடிகளில் ஐந்தை வேரோடு பெயர்த்து வெயிலில் நட்டாள், நீரையும் குறைத்தாள். சித்திரை வெயில் அவற்றைச் சுட்டது. இலைகள் வெளிறிச் சுருண்டன. கதிர்கள் நீளாமல் கருகின. ஐந்தில் மூன்று செடிகள் பட்டுப்போயின. மார்கழிக்கு நம்பியிருந்த பூவில் ஒரு பங்கு தன் கையாலேயே அழிந்ததைக் கண்டு சிறுமி அழுதாள்.

அப்பத்தா அவளைக் கடிந்துகொள்ளவில்லை. எஞ்சிய இரண்டையும் மண்ணோடு எடுத்துத் தென்னை நிழலிலேயே மீண்டும் நட்டார். "எனக்குப் பசித்தால் கூழ் வேண்டும்; தொட்டில் பிள்ளைக்குப் பசித்தால் பால் வேண்டும். இருவருக்கும் கூழையே ஊற்றினால் அது நடுநிலைமை ஆகுமா?" என்று மட்டும் கேட்டார்.

கனகாம்பரம் தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட சிறு செடி. ஆடாதோடையின் குடும்பத்தைச் சேர்ந்தது. கனகம் என்றால் பொன். அம்பரம் என்றால் ஆடை. பொன்னாடை என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டவர் அதன் நிறத்தில் உள்ளம் தோய்ந்தவராதல் வேண்டும். வெயிலில் வளர்க்க வேண்டின் ஈரம் குறையாமல் காத்தல் வேண்டும். மரங்களின் இளநிழலிலோ அது வருத்தமின்றி வளரும். ஈரத்தை விரும்பினும், நீர் தேங்கினால் அதன் வேர் அழுகிவிடும். ஆண்டின் பெரும்பகுதியும் அது பூக்கும். அடைமழைக் காலத்தில் மட்டும் பூ குறையும். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில், மலர்ந்த பூக்களையே பறிப்பர். பூ மிக மெல்லியது. ஆயிரக்கணக்கில் பறித்தாலன்றி எடை ஏறாது. முற்றிய காய்கள் நீர் பட்டவுடன் பட்டெனத் தெறித்து விதைகளைச் சிதறும். 'டெல்லி கனகாம்பரம்' என்னும் வகையோ விதை கொடுப்பதில்லை. அதனைத் தண்டுத் துண்டுகளிலிருந்தே பெருக்குவர்.

அதற்கும் ஒரு பகையுண்டு. கண்ணுக்குப் புலப்படாத நூற்புழுக்கள் வேரைத் தாக்கினால், செடி காரணம் தெரியாமல் வாடுவதுபோல் தோன்றும். இதனை அறிந்த உழவர் நிலத்தில் வேப்பம்பிண்ணாக்கு இடுவர். இடையிடையே செண்டுப்பூச் செடியையும் நடுவர். மல்லிகையின் பகை மொட்டைத் துளைக்கும் புழு. கனகாம்பரத்தின் பகை மண்ணுக்குள் மறைந்திருக்கும் புழு. காவலும் இடமறிந்து வைக்கவேண்டியதே.

ஆவணியில், வேர்விட்ட மல்லிகைப் பதியன்கள் வெயில் நிலத்தில் ஊன்றப்பட்டன. ஐப்பசி மழையில் கிணற்றடியில் நீர் தேங்காதவாறு சிறுமி வடிகால் வெட்டினாள். கார்த்திகை வந்தது. அப்பத்தாவின் தோட்டத்தில் மல்லிகைக் கிளைகள் வெட்டப்பட்டன. அரை ஏக்கரும் வெறுங்குச்சிகளாய் நின்றது. மார்கழிப் பனி இறங்கிய நாள்களில், ஏழு கனகாம்பரச் செடிகள் தென்னை நிழலில் பூத்துக்கொண்டிருந்தன. ஏழு செடிகளின் பூ எவ்வளவு வந்துவிடும்? அது கடனைத் தீர்க்கவில்லை. ஆயினும், அப்பூக்களை அண்டை வீடுகளில் விற்று, வாரந்தோறும் எண்ணெயும் பருப்பும் வாங்க முடிந்தது. அடுத்த ஆண்டில் செடிகளை நூறாகப் பெருக்குவதென்று இருவரும் முடிவு செய்தனர்.

பங்குனியில், வெயிலில் ஊன்றிய மல்லிகைச் செடிகள் முதன்முதலாக அரும்பின. சிறுமி விடியுமுன் எழுந்து கைப்பிடியளவு மொட்டுப் பறித்தாள். விடிந்தபின் கிணற்றடிக்குச் சென்று கனகாம்பரம் பறித்தாள். அப்பத்தா இரண்டையும் ஒரே நாரில் தொடுத்தார். வெயிலில் வளர்ந்த பூவும் நிழலில் வளர்ந்த பூவும் அவள் கூந்தலில் அருகருகே அமர்ந்து பள்ளிக்குச் சென்றன.

உயிர்கள் எல்லாவற்றையும் ஒரே வகையாக நடத்துவது எளிது. ஒவ்வொன்றின் இயல்பையும் அறிந்து, அதற்கு வேண்டியதை வேண்டிய காலத்தில் அளிப்பதே அரிது. அவ்வாறு அளிப்பதே உண்மையான அன்பு; உழவின் கலையும் அதுவே ஆகும்.